பருப்பு சார்ட்டரில் வால்வு எப்போதாவது பிந்துகிறது: கர்னல் தாமதத்தை எந்தக் கட்டளையால் அளப்பது?

கப்பலூர் பட்டறை:

அனைவருக்கும் வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் அரிசி ஆலை, பருப்பு ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை ஒன்றை நானும் என் அண்ணனும் நடத்தி வருகிறோம். ஆலைக்காரர்கள் பொதுப்பெயராகவே சார்டெக்ஸ் என்று சொல்லும் நிறம் பிரிக்கும் இயந்திரத்தை, கீழமாசி வீதியின் சிறு வியாபாரிகளும் வாங்கக்கூடிய அளவில், ஒரே ஒரு சரிவுத் தகடு கொண்டதாகச் செய்து பார்க்கிறோம். துவரம்பருப்பு சரிவில் வழுக்கி இறங்கிக் கேமராவைக் கடந்து, அதற்கு 60 மில்லி மீட்டர் கீழே வரிசையாக நிற்கும் காற்று வால்வுகளின் முன்னால் விழுகிறது. அந்த இடத்தில் பருப்பின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் என்பதால், கேமரா ஒரு கல்லைப் பார்த்ததிலிருந்து வால்வு திறக்க வேண்டிய கணம் வரை எங்களுக்கு 20 மில்லி விநாடி கிடைக்கிறது.

பெரும்பாலும் கல் சரியாக ஊதப்படுகிறது. ஆனால் மணிக்கு ஏழெட்டு முறை, கல் நல்ல பருப்போடு போய்விட, அதற்குப் பின்னால் வந்த இரண்டு மூன்று நல்ல பருப்புகள் கழிவுத் தட்டில் விழுகின்றன. கைப்பேசியில் விநாடிக்கு 240 ஃபிரேம் வேகத்தில் படம் பிடித்துப் பார்த்தபோது, அத்தகைய நேரங்களில் காற்று ஒரு ஃபிரேம் பிந்தி வருவது தெரிந்தது. அதாவது சுமார் 4 மில்லி விநாடி. அதற்குள் கல் 12 மில்லி மீட்டர் கீழே போய்விடும்.

கணினி இன்டெல் நான்கு கோர் மினி பிசி. இயங்குதளம் டெபியன் லினக்ஸ். அதன் உட்கருவான கர்னல் 6.12, குறித்த நேரத்துக்குள் பணியை எழுப்புவதற்கான ரியல்டைம் வகை. எங்கள் நிரலில் தனித்தனியே ஓடும் மூன்று திரெட்டுகள் (பணி இழைகள்) உள்ளன: படத்தைப் பார்த்து முடிவெடுப்பது, குறித்த நேரத்தில் வால்வைத் திறப்பது, எண்ணிக்கையைத் திரையில் காட்டுவது. டாப் கட்டளையில் சுமை 40 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கர்னல்தான் வால்வு திரெட்டைத் தாமதமாக எழுப்புகிறது என்று சந்தேகப்படுகிறேன். அதை எப்படி அளந்து உறுதி செய்வது?

கோச்சடை:

லினக்ஸின் பெர்ஃப் என்னும் அளவீட்டுக் கருவியில், பணிகள் கோருக்கு ஏறி இறங்குவதைப் பதிவு செய்யும் ஷெட் பகுதி இதற்கென்றே இருக்கிறது. பெர்ஃப் ஷெட் ரெக்கார்ட் என்று கொடுத்து ஒரு நிமிடம் பதிவு செய்துவிட்டு, பெர்ஃப் ஷெட் லேட்டன்சி என்று கேட்டால், ஒவ்வொரு பணியும் எத்தனை முறை கோருக்கு வந்தது, ஓடத் தயாரான பின் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருந்தது, அதிகபட்சமாக எவ்வளவு காத்திருந்தது, அந்த அதிகபட்சம் எந்த நேரத்தில் நேர்ந்தது என்பதெல்லாம் அட்டவணையாக வரும். சராசரியைப் பார்க்காதீர்கள், உங்கள் கல் தப்பிப்பது அதிகபட்சத்தில்தான்.

வடபழஞ்சி:

பெர்ஃப் நல்ல கருவிதான். ஆனால் கணினியின் ஒவ்வொரு பணி மாற்றத்தையும் எழுதிக்கொண்டே போவதால் கோப்பு மிக வேகமாக வளரும், சுமை கூடினால் சில நிகழ்வுகள் பதிவாகாமலும் தவறும். முதலில் கர்னலை மட்டும் தனியே சோதிக்க வேண்டுமென்றால் சைக்ளிக்டெஸ்ட் போதும். டெபியனில் ஆர்டி டெஸ்ட்ஸ் தொகுப்பை நிறுவினால் அதுவும் வந்துவிடும். தாமஸ் கிளைக்ஸ்னர் தொடங்கிவைத்த கருவி அது. அது செய்வது மிக எளிய வேலை: இத்தனை மணிக்கு என்னை எழுப்பு என்று கர்னலிடம் சொல்லிவிட்டுத் தூங்குகிறது, எழுந்தவுடன் கடிகாரத்தைப் பார்க்கிறது, கேட்ட நேரத்துக்கும் எழுந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்கிறது, மீண்டும் தூங்குகிறது. உங்கள் வால்வு திரெட் செய்வதும் ஏறத்தாழ இதுதான்.

கப்பலூர் பட்டறை:

இருவருக்கும் நன்றி. சைக்ளிக்டெஸ்டை எந்த விருப்பமும் கொடுக்காமல், எங்கள் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பத்து நிமிடம் ஓட்டினேன். சராசரி 58 மைக்ரோ விநாடி, அதிகபட்சம் 3,870 மைக்ரோ விநாடி என்று வந்தது. நான் படத்தில் பார்த்த 4 மில்லி விநாடிக்கு இது மிக அருகில் இருக்கிறது. ஆகவே கர்னல்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா? ரியல்டைம் கர்னலிலேயே இப்படி வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

திருநகர் ஆசிரியை:

கப்பலூர் நண்பருக்கு, அந்த முடிவுக்கு இப்போது வர வேண்டாம். நான் பொறியியல் கல்லூரியில் இயங்குதளப் பாடம் எடுக்கிறேன். ஆய்வகத்தில் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் முதல் நாளில் கொண்டுவரும் எண்களும் இதைப் போலத்தான் இருக்கும். இரண்டு எண்களையும் தனித்தனியே பார்ப்போம்.

முதலில் அந்த 58. முன்னுரிமை எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் சைக்ளிக்டெஸ்ட் சாதாரணப் பணியாகத்தான் ஓடும். சாதாரணப் பணி தூங்கும்போது, அருகருகே வரும் பல டைமர்களைச் சேர்த்து ஒரே இன்டரப்டில் (ஓடும் வேலையை இடைமறிக்கும் குறுக்கீட்டில்) முடித்து மின்சாரத்தைச் சேமிப்பதற்காக, லினக்ஸ் அதற்கு டைமர் ஸ்லாக் என்னும் சலுகை நேரத்தை வைத்துக்கொள்கிறது. இயல்பாக அதன் அளவு 50 மைக்ரோ விநாடி. ரியல்டைம் முன்னுரிமை பெற்ற பணிக்கு அந்தச் சலுகை கிடையாது. எனவே உங்கள் 58இல் பெரும்பகுதி கர்னல் திணறியதால் வந்ததன்று. நீங்கள் அனுமதித்ததால் அது வேண்டுமென்றே எடுத்துக்கொண்ட நேரம்.

அடுத்து அந்த 3,870. உங்கள் படம் பார்க்கும் திரெட் ரியல்டைம் முன்னுரிமையில் ஓடுகிறது என்றால், அதே கோரில் சாதாரணப் பணியாக நிற்கும் சைக்ளிக்டெஸ்ட் அது முடியும்வரை வழிவிட்டுத்தான் ஆக வேண்டும். அதாவது நீங்கள் அளந்தது வால்வு திரெட்டின் தாமதத்தை அன்று. வரிசையில் கடைசியில் நிற்கும் ஒருவரின் தாமதத்தை.

சரியான முறையில் ஓட்ட, சிறிய எம் விருப்பத்தைக் கொடுத்து நினைவகத்தைப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் பேஜ் ஃபால்ட் நேரமும், அதாவது நினைவகத்தில் தயாராக இல்லாத பக்கத்தைக் கொண்டுவரும் நேரமும், கணக்கில் கலந்துவிடும். பெரிய எஸ் கொடுத்தால் கோருக்கு ஒரு திரெட் வீதம் தானே பிரித்து வைக்கும். சிறிய பி விருப்பத்தில் உங்கள் வால்வு திரெட்டுக்கு என்ன முன்னுரிமையோ அதே எண்ணைக் கொடுங்கள். ஆர்வத்தில் உச்ச எண்ணான 99 கொடுத்தால் உங்கள் நிரலுக்குக் கிடைக்காத வசதி சோதனைக்கு மட்டும் கிடைத்துவிடும். இடைவெளி 200 மைக்ரோ விநாடி, ஹிஸ்டோகிராம் 400 வரை, சுற்றுகள் 10 கோடி என்று வையுங்கள். 10 கோடிச் சுற்றுகளுக்கு 20,000 விநாடி, அதாவது ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மணிக்கு ஏழு முறை வரும் நோயைப் பத்து நிமிடத்தில் பிடிக்க முயலக் கூடாது. சும்மா நிற்கும் கணினியில் எடுக்கும் எண்ணாலும் பயனில்லை. ஸ்ட்ரெஸ் என்ஜி, ஹேக்பெஞ்ச் போன்றவற்றால் சுமை ஏற்றலாம், ஆனால் உண்மையான பருப்பை ஓட்டுவதே சிறந்த சுமை.

இன்னொன்றும் உண்டு. சைக்ளிக்டெஸ்ட் தொடங்கும்போதே சிபியூ டிஎம்ஏ லேட்டன்சி என்னும் சாதனக் கோப்பைத் திறந்து அதில் சுழியத்தை எழுதி, கோர்கள் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறது. உங்கள் நிரலும் அவ்வாறு செய்து, முடியும்வரை அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருக்கிறதா என்று பாருங்கள். செய்யவில்லை என்றால், சோதனையில் விழித்திருக்கும் கோர் உற்பத்தியில் தூங்கிக்கொண்டிருக்கும், இரண்டு எண்களும் ஒருபோதும் ஒத்துப்போகா.

கப்பலூர் பட்டறை:

மேடம், நீங்கள் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. வால்வு திரெட்டுக்கு 90, படம் பார்க்கும் திரெட்டுக்கு 50, திரைக்குச் சாதாரண முன்னுரிமை என்று வைத்திருக்கிறோம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் பட்டறைக்கு விடுமுறை என்பதால், முந்தைய இரவே ஐந்து மூட்டைப் பருப்பைச் சுற்றி வரும்படி எலிவேட்டரில் விட்டு, நீங்கள் சொன்ன விருப்பங்களோடு சைக்ளிக்டெஸ்டையும் தொடங்கிவிட்டுச் சென்றோம். காலையில் வந்து பார்த்தபோது 10 கோடிச் சுற்றுகளில் நான்கு கோர்களிலும் சேர்த்து அதிகபட்சம் 41 மைக்ரோ விநாடி. 41 மைக்ரோ விநாடியில் பருப்பு ஒரு மில்லி மீட்டரில் எட்டில் ஒரு பங்கு தூரம்கூட நகராது.

டிஎம்ஏ லேட்டன்சி கோப்பை எங்கள் நிரலிலும் திறந்து வைத்தேன். ஆனாலும் வால்வு அதே போல மணிக்கு ஏழெட்டு முறை பிந்துகிறது. இப்போது எங்கே தேடுவது என்றே தெரியவில்லை.

மேலூர்:

இரவில் எடுத்த அளவு என்பதைக் கவனிக்க வேண்டும். சித்திரை மாதத்து வெயிலில் தகரக் கூரையின் கீழ் பகல் இரண்டு மணிக்கு அந்தப் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சில தாய்ப்பலகைகளில் வெப்பக் கண்காணிப்பு, விசிறிக் கட்டுப்பாடு போன்ற வேலைகளை அடிப்படை நிரலான பயாஸ், எஸ்எம்ஐ என்னும் தனி வகை இன்டரப்ட் வழியாகச் செய்கிறது. அது நடக்கும் நேரத்தில் கர்னலுக்கே நினைவு இருக்காது. எந்த நிகழ்வுப் பதிவிலும் (டிரேஸ்) ஒரு வரிகூட விழாது, கடிகாரம் மட்டும் தாவியிருக்கும். அதைப் பிடிக்க அதே ஆர்டி டெஸ்ட்ஸ் தொகுப்பில் எச்டபிள்யூ லேட் டிடெக்ட் இருக்கிறது. கடிகாரத்தைத் தொடர்ந்து படித்து, இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே காரணமில்லாத இடைவெளி வந்தால் தெரிவிக்கும். இயல்பான வரம்பு 10 மைக்ரோ விநாடி. நடுப்பகலில் ஓட்டிப் பாருங்கள்.

கப்பலூர் பட்டறை:

மூன்று நாள் பகல் 12 முதல் 4 மணி வரை ஓட்டினேன். வரம்பைத் தாண்டி எதுவும் வரவில்லை.

கோச்சடை:

இவ்வளவு சிரமப்படுவதற்கு, வால்வைத் திறக்கும் வேலையை, தனிச் சிறு கட்டுப்பாட்டுச் சில்லான ஒரு மைக்ரோகன்ட்ரோலரிடம் கொடுத்துவிடலாமே? இந்த மணிக்கு இந்த வால்வு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதன் டைமர் மைக்ரோ விநாடி பிசகாமல் திறக்கும். லினக்ஸை இந்த வேலையில் வைப்பதே சரியன்று என்பது என் கருத்து.

திருநகர் ஆசிரியை:

கோச்சடை அண்ணன் சொல்வது நல்ல வடிவமைப்புதான், நானும் முடிவில் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் காரணம் தெரியாமல் மாற்றினால், அந்த நேரக் குறிப்பை மைக்ரோகன்ட்ரோலருக்கு அனுப்பும் இடத்தில் இதே 4 மில்லி விநாடி வந்து உட்கார்ந்துகொள்ளும். கையில் நோய் இருக்கும்போதே கண்டுபிடித்துவிடுவது நல்லது.

நாம் இதுவரை அளந்தது ஒரே ஒரு இடைவெளியை: டைமர் அடிக்க வேண்டிய கணத்திலிருந்து, பணி எழுந்து முதல் ஆணையை நிறைவேற்றும் கணம் வரை. அது 41 மைக்ரோ விநாடிக்குள் இருக்கிறது. ஆனால் பருப்புக்கு அந்த இடைவெளியால் பயனில்லை. டைமர் அடித்ததிலிருந்து வால்வுக்கு மின்சாரம் போகும் வரை என்ன ஆகிறது என்பதே அதற்குத் தேவை. எழுந்த பிறகு வால்வு திரெட் வேறு எதற்காகவாவது மீண்டும் தூங்குகிறதா? சைக்ளிக்டெஸ்ட் உங்கள் நிரலைப் பற்றி எதுவும் அறியாது; ஆகவே அதைச் சொல்ல அதனால் இயலாது.

இங்கேதான் கோச்சடை அண்ணன் முதலில் சொன்ன பெர்ஃப் தேவைப்படுகிறது. ஆனால் லேட்டன்சி அட்டவணையை விட்டுவிட்டு, பெர்ஃப் ஷெட் டைம்ஹிஸ்ட் என்று கேளுங்கள். ஒவ்வொரு முறை பணி கோரை விட்டு இறங்கும்போதும் ஒரு வரி வரும், அதில் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது, முன்பு இறங்கியதிலிருந்து மறுபடி ஏறும் வரை ஆன நேரம். இரண்டாவது, ஓடத் தயாரானதிலிருந்து உண்மையில் ஏறும் வரை ஆன நேரம். மூன்றாவது, ஓடிய நேரம். எந்தப் பணி எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் மேல் குற்றம் என்றால் இரண்டாவது எண் பெரிதாக இருக்கும். முதலாவது மட்டும் பெரிதாக, இரண்டாவது சிறிதாக இருந்தால், திரெட் எதற்காகவோ காத்துக் கிடந்தது என்று பொருள். டபிள்யூ விருப்பத்தையும் சேர்த்தால் யார் யாரை எழுப்பினார் என்ற வரிகளும் வரும். பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் தொட விடும் பூட்டுக்காகக் காத்திருந்த திரெட்டை எழுப்புவது, பூட்டைத் திறந்தவராகத்தான் இருப்பார். அந்த வரியே ஆளைக் காட்டிவிடும்.

அரிய நிகழ்வு என்பதால் ஒரு யோசனை. வால்வைத் திறந்தவுடன் உங்கள் நிரலே, பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் கடிகாரத்தைப் படித்து, 1 மில்லி விநாடிக்கு மேல் பிந்தியிருந்தால் அந்த நேரத்தை நினைவகத்தில் குறித்துவைத்துப் பின்னால் எழுதட்டும். பெர்ஃப் பதிவிலும் கே விருப்பத்தில் அதே கடிகாரத்தைக் குறிப்பிடுங்கள். பத்து நிமிடம் பத்து நிமிடமாகப் பதிவு செய்து, பிந்தல் விழாத கோப்புகளை அழித்துவிடலாம். விழுந்த கோப்பில், அந்த நேரத்துக்கு நேராகப் போய் நில்லுங்கள்.

கப்பலூர் பட்டறை:

கிடைத்துவிட்டது. மூன்றாவது கோப்பிலேயே ஒரு பிந்தல் விழுந்தது. வரிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

டைமர் வால்வு திரெட்டை எழுப்புகிறது, 0.014 மில்லி விநாடியில் அது ஓடத் தொடங்குகிறது. 0.006 மில்லி விநாடி மட்டும் ஓடிவிட்டு இறங்கிவிடுகிறது. உடனே அதே கோரில் படம் பார்க்கும் திரெட் ஏறி 4.1 மில்லி விநாடி ஓடுகிறது. அது இறங்கியதும் திரை திரெட் ஏறுகிறது, ஏறிய வேகத்தில் வால்வு திரெட்டை எழுப்புகிறது. வால்வு திரெட்டின் வரியில் முதல் எண் 4.2, இரண்டாவது எண் 0.011. அதாவது ஷெட்யூலர் மேல் ஒரு பழியும் இல்லை. எழுப்பியது எங்கள் திரை திரெட்.

நிரலைத் திறந்து பார்த்தபோது விளங்கியது. ஊத வேண்டிய கற்களின் பட்டியலை ஒரே பூட்டுக்குள் வைத்திருக்கிறோம். திரை திரெட் விநாடிக்கு இரண்டு முறை அந்தப் பூட்டை எடுத்து, பட்டியலை எண்ணி, எழுத்தாக மாற்றி, அதன் பிறகுதான் விடுகிறது. இணையத்தில் எங்கோ படித்ததை நம்பி, டாஸ்க்செட் கட்டளையால் நிரல் முழுவதையும் ஒரே கோரில் கட்டியும் வைத்திருந்தேன். திரை பூட்டைக் கையில் வைத்திருக்கும்போது படம் பார்க்கும் திரெட் வந்து அதை இறக்கிவிட்டால், அது முடியும்வரை வால்வு காத்திருக்க வேண்டியதாகிறது.

எனக்குப் புரியாத ஒன்று: ரியல்டைம் கர்னலில் முன்னுரிமை வாரிசு உரிமை, அதாவது காத்திருப்பவரின் முன்னுரிமை பூட்டை வைத்திருப்பவருக்குக் கிடைப்பது, தானாகவே இருக்கும் என்று படித்தேனே?

திருநகர் ஆசிரியை:

மிக நன்றாகத் தேடியிருக்கிறீர்கள். இந்த நோய்க்கு முன்னுரிமைத் தலைகீழாக்கம் என்று பெயர். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி திரும்பத் திரும்ப மறுதொடக்கமானதற்கும் இதுவே காரணம். அங்கே தகவல் பாதையை நிர்வகித்த உயர்ந்த பணி, வானிலைத் தரவு சேகரித்த தாழ்ந்த பணியிடம் இருந்த பூட்டுக்காகக் காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமைப் பணி இடையில் புகுந்தது. பூமியில் இருந்தபடியே பொறியாளர்கள் அந்தப் பூட்டின் வாரிசு உரிமை அமைப்பை இயக்கிவிட்டுச் சரிசெய்தார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரியல்டைம் கர்னல், கர்னலுக்கு உள்ளே இருக்கும் பெரும்பாலான பூட்டுகளை முன்னுரிமை வாரிசு உரிமை கொண்டவையாக மாற்றுகிறது. பயனர் நிரலில் நீங்கள் உருவாக்கும் பிதிரெட் மியூடெக்ஸ் என்னும் பூட்டுக்கு அது தானாக வராது. மியூடெக்ஸை உருவாக்கும்போதே அதன் பண்புகளில் பிரையாரிட்டி இன்ஹெரிட் நெறிமுறையை நீங்களே குறிப்பிட வேண்டும். அப்போது வால்வு திரெட் காத்திருக்கும் வரை, பூட்டை வைத்திருக்கும் திரை திரெட்டுக்குத் தற்காலிகமாக 90 முன்னுரிமை கிடைக்கும். படம் பார்க்கும் திரெட்டால் நடுவில் புக முடியாது. சி பிளஸ் பிளஸ் நூலகத்தின் இயல்பான மியூடெக்ஸில் இந்தப் பண்பைக் கேட்கும் வழி இல்லை என்பதால், பிதிரெட் மியூடெக்ஸை நேரடியாகப் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். திரை திரெட் பூட்டுக்குள் எழுத்து வேலை எதையும் செய்யக் கூடாது. எண்களை நகலெடுத்துக்கொண்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

வடபழஞ்சி:

இனிமேல் இதே போன்ற சந்தேகம் வந்தால் ஆர்டிஎல்ஏ கருவியின் டைமர்லேட் பகுதியையும் வைத்துக்கொள்ளுங்கள். டேனியல் பிரிஸ்டாட் டி ஒலிவேரா எழுதியது, 5.17 கர்னல் முதல் மூல நிரலோடு வருகிறது. சைக்ளிக்டெஸ்ட் ஒரே எண்ணாகச் சொல்வதை, டைமர் இன்டரப்ட் வரைக்கும் எவ்வளவு, திரெட் ஓடத் தொடங்கும் வரைக்கும் மொத்தம் எவ்வளவு என்று இரண்டு எண்களாகக் காட்டும். ஏ விருப்பத்தில் 50 என்று கொடுத்தால், 50 மைக்ரோ விநாடியைத் தாண்டியவுடன் நின்று, எந்த இன்டரப்ட், எந்தத் திரெட் அந்த நேரத்தைத் தின்றது என்று தானே பகுத்தும் சொல்லும். உங்கள் பூட்டு விவகாரத்தை அதுவும் கண்டுபிடித்திருக்காது. ஆனால் கர்னல் பக்கத்தைத் தெளிவாக்க ஐந்தரை மணி நேரத்துக்குப் பிறகும் ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது மேல்.

கப்பலூர் பட்டறை:

இரண்டையும் செய்தேன். முதலில் மியூடெக்ஸின் பண்பை மட்டும் மாற்றி ஒரு பகல் முழுவதும் ஓட்டினோம். 1 மில்லி விநாடியைத் தாண்டிய பிந்தல் ஒன்றுகூட இல்லை, அதிகபட்சம் 0.31 மில்லி விநாடி. மறுநாள் எழுத்து வேலையைப் பூட்டுக்கு வெளியே எடுத்தேன், டாஸ்க்செட்டையும் திருத்தி வால்வு திரெட்டுக்கு மட்டும் தனிக் கோர் கொடுத்தேன். அதன் பிறகு எட்டு மணி நேரத்தில் அதிகபட்சம் 0.052 மில்லி விநாடி. பெர்ஃப் ஷெட் டைம்ஹிஸ்டில் வால்வு திரெட்டை எழுப்புபவராகத் திரை திரெட் இப்போது வருவதே இல்லை.

வால்வுகளுக்கு எதிரே கைப்பேசியை மீண்டும் வைத்து 240 ஃபிரேமில் படம் பிடித்தோம். நான்கு மணி நேரத்தில் இரண்டு கற்கள் தப்பின. இரண்டிலும் காற்று சரியான ஃபிரேமில்தான் வருகிறது. கல் சரிவின் விளிம்பில் ஒருமுறை துள்ளி, பக்கத்து வால்வின் முன்னால் போய் விழுகிறது. தகட்டின் கடைசி இரண்டு அங்குலத்தை மெருகேற்றி, கோணத்தை ஒரு பாகை கூட்டிப் பார்ப்பதாக அண்ணன் சொல்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் முடிந்தால் படத்தின் ஃபிரேம்களை இங்கே இடுகிறேன்.